தாய்மாமனின் தாடை

என் முகத்தை இந்த உலகத்திலேயே அதிகமாகப் பார்த்திருப்பவன் நான்தான் என்று நாற்பத்தேழு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதில் நியாயமும் இருந்தது. நான் கள்ளக்குறிச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். "கண்ணாடி பாருங்க, கண்ணாடி பாருங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வதுதான் என் தொழில். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்ப்பார்கள். நான் என்னைப் பார்த்துக்கொள்வேன். (மாஸ்டர் உட்காரும் இடது சீட்டுக்கென்று தனியாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதுவும் லாரிக்காக வைத்ததுதான்.) மீசை, கிருதா, வலது கன்னத்து மச்சம் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். சுமாரான முகம். ஆனால் நேரான முகம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வம் ஒரு புதன்கிழமை காலை, கச்சிராயபாளையம் சாலையில், பன்னிரண்டு அடி அகலத்தில் என் எதிரே வந்து நின்றது.

என் தங்கை வளர்மதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. தமிழ்மதி என்று பெயர். மூன்று வயது முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று நாள் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. மாப்பிள்ளை கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் குலசாமி கோயிலும் மலை மேலேதான். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் இல்லையென்றால் பத்தர் ஊசியையே எடுக்க மாட்டார். பேனரிலும் அதே மரியாதை. குழந்தை நடுவில், தாய்மாமன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு. பெற்ற அப்பன் கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு. வளர்மதிக்கு நான் ஒரே அண்ணன். ஆகவே பேனரில் முக்கால்வாசி நான்தான்.

அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் சத்துணவு அமைப்பாளர் ஒருவர். முதன்முறையாக மூன்றாவது கியருக்கு வந்து, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தார். பேனரைப் பார்த்ததும் என் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. (டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். உயிர் பயம் இரண்டு பேருக்கும் பொது என்பதால்.) வண்டி குலுங்கி நின்றது.

"மாஸ்டர், நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றார் அந்த அம்மா.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா."

தப்பு பேனரில் இருந்தது. அங்கே என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் மீசையை வைத்துக்கொண்டு, வேறொருவன் சிரித்துக்கொண்டிருந்தான். வலது தாடை வரப்பு மாதிரி புடைத்திருந்தது. இடது தாடை வற்றிப்போயிருந்தது. இடது கண் வலதைவிட ஒரு படி கீழே இறங்கியிருந்தது. வாயின் இடது ஓரம் தரையைப் பார்த்துச் சரிந்திருந்தது. மொத்த முகமும் ஒரு பக்கம் பஞ்சரான வண்டி மாதிரி நின்றது.

போட்டோவில் உன்னை நீ பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். லைசென்ஸில் பார்த்திருக்கிறேன். அதில் யாரும் யார் மாதிரியும் இருப்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் நான் மல்லிகாவைத்தான் பார்த்தேன். செல்போனில் நானே எடுத்துக்கொள்ளும் படங்களில் மூஞ்சி கண்ணாடியில் தெரிவது போலத்தான் தெரியும். இப்படி ஆறடி உயரத்துக்கு, வெயிலில், நடுரோட்டில், இன்னொருவர் எடுத்த என் முகத்தை நான் பார்த்ததில்லை.

நேராக பிளெக்ஸ் கடை ஏழுமலையிடம் போனேன்.

"ஏழுமலை, என் போட்டோவத் திருப்பிப் போட்டுட்டியா?"

"இல்ல மாஸ்டர். உங்க மச்சம் எந்தக் கன்னத்துல கீது?"

"வலது."

"பேனர்லயும் வலதுலதான் கீது. அப்படியே நீங்கதான்."

"அப்ப வாய் ஏன் கோணியிருக்கு?"

ஏழுமலை கம்ப்யூட்டர் திரையில் இருந்த பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தொழிலில் அவன் பொய் சொல்லாதவன். "சரி மாஸ்டர், வேணும்னா ஒரு பாதிய எடுத்து அடுத்த பாதியிலயும் ஒட்டிடறேன். ரெண்டு பக்கமும் சமமாயிடும்" என்று கம்ப்யூட்டரில் தட்டினான். வலது பாதியை இரட்டித்ததும் திரையில் ஒரு ஆள் வந்தான். பலாப்பழத்துக்கு மீசை வைத்தது போல இருந்தான். இடது பாதியை இரட்டித்ததும் இன்னொருவன் வந்தான். பத்து நாள் சாப்பிடாத கீரிப்பிள்ளை. இரண்டு முகமும் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. இரண்டையும் பார்க்கச் சகிக்கவில்லை.

"இதுல எவரப் போட?" என்றான் ஏழுமலை.

அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற முகம் மனுஷ முகமாகவே இருக்காது என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிவிட்டான் அவன். ஆனால் எனக்கு வந்தது வேறு. வலது பாதியில் சதை இருக்கிறது, இடது பாதியில் இல்லை. ஆகவே என் இடது பக்கம் விழுந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மேல் நான் கோமாளி வேலை செய்ததற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. அதை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கும் ஒருநாள் காலையில் இப்படித்தான் வாய் ஒரு பக்கம் கோணியது. வெயிலில் நின்றது, சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒரு பகல் முழுக்க வீணாக்கினோம். பக்கவாதம். அப்புறம் இரண்டு வருஷம் படுக்கை. பேச்சு குழறிப்போன வாயால் அவர் அடிக்கடி கேட்டது ஒன்றுதான், கண்ணாடி. நாங்கள் கொடுக்கவில்லை. "ஒண்ணுமில்லப்பா, அப்படியேதான் இருக்கு" என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து மல்லிகாவைக் கேட்டேன். மல்லிகா என் மனைவி. அங்கன்வாடி டீச்சர். பேனருக்கு அந்த போட்டோவை எடுத்ததும் அவள்தான்.

"என் மூஞ்சில எதனா வித்தியாசம் தெரியுதா?"

பாத்திரத்திலிருந்து கண்ணை எடுத்து அரை நொடி பார்த்தாள். "இன்னா வித்தியாசம்? அப்படியேதான் இருக்கு."

சாயங்காலம் வளர்மதி போன் செய்தாள். "அண்ணா, பேனர் பாத்தியா? சூப்பரா கீற. அப்படியே நேர்ல பாக்குற மாதிரியே கீது." மாப்பிள்ளை வாங்கிப் பேசினார். "மச்சான், அப்படியே நீங்கதான்." எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அப்பாவிடம் நாங்கள் சொன்ன அதே வார்த்தை.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்றால், போனால் படுக்கவைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். பதினோரு வருஷம் கோயில் கோயிலாகப் போய் நின்றவள் என் தங்கை. அப்பாவும் இல்லை. மடிக்கு இருப்பது நான் ஒருவன். ஞாயிறு வரைக்கும் முகத்தைக் கீழே விழாமல் பிடித்துவைத்துக்கொண்டால் போதும், திங்கட்கிழமை விழுந்தால் விழட்டும் என்று முடிவு செய்தேன். (இதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. இரண்டு கன்னத்திலும், சமமாக.)

செல்போனில் வீடியோ தேடினேன். எந்தப் பக்கம் சதை குறைவோ அந்தப் பக்கமே மெல்லு, தானாக ஏறிவிடும் என்று ஒருவர் சொன்னார். அவர் யார், எந்த ஊர், எதற்குப் படித்தவர் என்று நான் கேட்கவில்லை. மெல்வதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா? நாலு பக்கமும் கரும்பு. ஒரு கட்டு வாங்கி டிக்கியில் போட்டேன். புதன் சாயங்காலம் ஆரம்பித்தது. இடது பக்கம் மட்டும். அந்தப் பக்கம் கடைவாய்ப்பல் ஒன்று நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. அதனால் அங்கே மெல்வதையே நான் விட்டிருந்தேன். இப்போது அந்தப் பொக்கைக்கும் முன்பல்லுக்கும் நடுவில் கரும்பைக் கொடுத்து வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க, சனி முழுக்கக் கடித்தேன். கரும்பு தீர்ந்த நேரத்தில் சூயிங்கம். நடுநடுவே முகத்துக்கு உடற்பயிற்சி வேறு. வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்து "ஆ" என்று பத்து எண்ணிக்கை. "ஈ" என்று பத்து எண்ணிக்கை. ஓடுகிற வண்டியில் இதைச் செய்ததில் சத்துணவு அம்மா மறுபடியும் கலவரமாகிவிட்டார்.

"மாஸ்டர், இப்ப நான் லெப்ட்ல போவணுமா, ரைட்லயா?"

"நேராப் போங்கம்மா. இது எனக்கு."

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூடத் தாடை வலித்தது. இட்லி கடிக்கும்போது காதுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு. மலை மேலே நல்ல குளிர். பம்பைக்காரர்கள் வந்திருந்தார்கள். பொங்கல் பானை பொங்கியது. தமிழ்மதிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசி, புதுப் பாவாடை கட்டி, என் மடியில் உட்கார வைத்தார்கள். பத்தர் எதிரில் மணை போட்டு உட்கார்ந்து ஊசியைத் துடைத்தார். வளர்மதி என் பின்னால் நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது. நான் என் முகத்தின் வலது பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி, இடது பக்கத்தைக் கோயில் சுவருக்குக் கொடுத்திருந்தேன்.

"மாமா, இத்தப் பாருங்க" என்றான் போட்டோக்காரன். நான் பார்க்கவில்லை.

பத்தர் வலது காதைப் பிடித்ததும் குழந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. பதினோரு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை, என் மடியில் உட்கார்ந்து அழப்போகிறது. நான் முகத்தையெல்லாம் மறந்துவிட்டேன். அதன் கவனத்தைத் திருப்ப, சோறு ஊட்டும்போது காட்டுவது போல, வாயை முழுசாகத் திறந்து "ஆ" என்று காட்டினேன்.

காதுக்குக் கீழே 'டொக்'. இந்தத் தடவை இரண்டு பக்கமும்.

குழந்தை அழவில்லை. என் வாய்க்குள் ஏதோ கிணற்றைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள். அந்த நேரத்தில் பத்தர் வலது காதை முடித்துவிட்டார். கூட்டம் கை தட்டியது. நான் வாயை மூடப் பார்த்தேன். மூடவில்லை. கையால் மோவாயைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. வலியில் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். கண்ணீரோடு, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன். "அப்பா ஞாபகம் வந்துடுச்சா அண்ணா?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அவள் நாத்தனார் அழுதாள். நாத்தனாரைப் பார்த்து மாப்பிள்ளை கண்ணைத் துடைத்தார். காது குத்தப்பட்ட குழந்தை ஒன்றைத் தவிர மலை மேலிருந்த எல்லோரும் அழுதார்கள்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வரை பொறுக்காமல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது.

மல்லிகாவுக்கு மட்டும் என் கண்ணில் இருந்த பயம் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கி வளர்மதியிடம் கொடுத்தாள். என் முன்னால் நின்று, "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். பக்கவாதமா என்று பார்க்கக் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்று அங்கன்வாடிப் பயிற்சியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். எனக்கு அது தெரியாது. பெண்டாட்டி சொன்னால் செய்வதுதான் வழக்கம் என்பதால் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

இப்போது நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குலசாமி கோயில். பொங்கல் பொங்கிவிட்டது. கற்பூரம் எரிகிறது. ஒருவன் கண் பிதுங்கி, வாய் பிளந்து, எச்சில் ஒழுக, இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிறான்.

பம்பைக்காரர்கள் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. அடித்தார்கள் பாருங்கள், மலையே கிடுகிடுத்தது. யாரோ என் இடுப்பில் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் வந்து கையைக் கூப்பிக் கேட்டாள்.

"வந்துகிறது யாரு சாமி?"

"ஆ" என்றேன்.

"எங்க மேல எதனா கொறையா?"

"ஆ."

"படையல்ல கொற வெச்சிட்டமா?"

தலையை இல்லை என்று ஆட்டினேன். தலை ஆடியதும் பம்பை இன்னும் வேகமானது. அத்தை மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நான் அப்பவே தலப்பாடா அடிச்சிகினேன், வெறும் பொங்கல் பத்தாது, கெடா வெட்டணும்னு. கேட்டியா நீ? வாத்தியாராம் வாத்தியார்."

மாப்பிள்ளை என் காலில் விழுந்தார். "வர்ற வருஷம் கெடா வெட்டறோம் சாமி. மனசு வையி."

பூசாரி தட்டில் எரிகிற கற்பூரத்தோடு என்னை நோக்கி வந்தார். சாமி வந்தவர்கள் கற்பூரத்தை நாக்கில் வாங்கிக்கொள்வது வழக்கம். என் வாய் வேறு தோதாகத் திறந்தே இருந்தது. அவர் ஒரு கற்பூரத்தை இரண்டு விரலால் எடுத்தபோது என் உயிர் பாதி போய்விட்டது. மல்லிகா குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சாமியும் வரல, ஒண்ணும் வரல. தாடை கழண்டுகிச்சி. ரெண்டு கையும் சமமாத் தூக்கறாரு, ரெண்டு கண்ணையும் மூடறாரு. இது வேற. பல்லு டாக்டர்கிட்ட போவணும், வழி வுடுங்க."

பம்பை நின்றது. பத்தர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னொரு காது பாக்கி கீதே. நல்ல நேரம் இன்னும் கால் மணிதான். வேற யாரு மடியிலனா வெச்சி முடிச்சிடலாமா?"

வளர்மதி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். "எங்கண்ணன் எப்ப வருதோ அப்பத்தான் நல்ல நேரம். நீங்க சாப்ட்டு ஒக்காருங்க பத்தரே" என்றாள்.

கார் ஓட்ட ஆள் தேடினார்கள். பாதிப் பேர் வேனில் வந்தவர்கள். மாப்பிள்ளை இன்னும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மல்லிகா என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மல்லிகாவுக்கு நான்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது நாள், சின்னசேலம் சாலையில் நான் போட்ட கூச்சலில், வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வண்டி மலையிறங்கத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியர், ஹாரன், வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். நான் அவளை நோக்கி "ஆ?" என்றேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு எழுத்து போதும்.

"லைசென்ஸ்லாம் இருக்கு. அஞ்சு வருஷமாவுது. உங்க ஸ்கூலுக்கு எதிர்த்த ஸ்கூல்லதான் கத்துகினேன். அங்க யாரும் கத்த மாட்டாங்க."

வாயைப் பிளந்திருப்பேன். ஏற்கெனவே பிளந்திருந்தது.

அடுத்த வளைவில் பழக்கதோஷத்தில் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கியது. தாடையில் உயிர் போனது. "காலை எடுங்க" என்றாள். அதற்கடுத்த வளைவில் மறுபடியும் மிதித்தேன். "காலத் தூக்கி சீட்டு மேல வைங்க. சம்மணம் போட்டு ஒக்காருங்க." தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்ட, வாய் திறந்து, சம்மணம் போட்டு, சாமியாகவே இறங்கி வந்தேன். எதிரே பஸ்ஸில் வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் தொழில் வாழ்க்கையிலேயே வண்டிக்குள் நான் வாயால் ஒரு வார்த்தை சொல்லாத ஒரு மணி நேரம் அதுதான். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

கள்ளக்குறிச்சியில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த பல் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, என் கீழ்க் கடைவாயில் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். 'டொக்'. உலகம் மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் என் மேலுதடும் கீழுதடும் சந்தித்துக்கொண்ட சந்தோஷத்தை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

"எதுக்குங்க இப்படி ஆச்சு?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பேனர், கரும்பு, அப்பா. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கரும்பு வரைக்கும் சிரித்தார். அப்பா வந்ததும் நிறுத்திவிட்டார். என் கண்ணை மூடச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார்.

"நரம்புல ஒண்ணும் இல்லைங்க. யார் மூஞ்சியும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. பொறப்புலயே எலும்புல கொஞ்சம் ஏத்த எறக்கம் இருக்கும். வயசானா சதை ஒரு பக்கம் ஜாஸ்தி எறங்கும். உங்களுக்கு இடது பக்கம் பல்லு போனதுல இருந்து வலது பக்கமே மென்னுருக்கீங்க. அந்தப் பக்கத் தசை பெருத்திருக்கு. அவ்ளோதான்."

"சரி பண்ண முடியாதா டாக்டர்?"

"முடியும். இன்னா காரணமோ அதுக்கு ஏத்த மாதிரி. உங்களுக்குப் போன பல்லக் கட்டிகினு ரெண்டு பக்கமும் மென்னா போதும். பல் வரிசை மாறி தாடை ஒரு பக்கம் போனவங்களுக்குக் கம்பி போடுவோம். தசை ரொம்பப் பெருத்துட்டா அதைச் சுருக்க ஊசி இருக்கு, பள்ளமா இருந்தா நிரப்பறதுக்கு ஊசி இருக்கு. ரெண்டும் கொஞ்ச மாசம்தான் தாங்கும். தாடை எலும்பே ரொம்பக் கோணி, சாப்பிட, பேச முடியாம இருந்தா ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன் வரைக்கும் போவலாம். சிலபேருக்கு அது மனசுக்கே பாரமா இருக்கும். அதுவும் காரணந்தான், நாங்க யாரையும் பாத்து சிரிக்க மாட்டோம். ஆனா ஒண்ணு." விரலை நீட்டினார். "திடீர்னு ஒரு பக்கம் தொங்குது, கண்ணு மூட மாட்டேங்குது, பேச்சு கொழறுது, கை தூக்க முடியலன்னா, காதுகுத்தும் கெடையாது, கரும்பும் கெடையாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. நெசமாவே அதுவா இருந்திருந்தா, நாலு நாளு கரும்பு கடிச்சிகினு இருந்திருக்கீங்க நீங்க."

தாடையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

"பேனர்ல இருக்குறது யாரு அப்ப?" என்றேன், குழந்தை மாதிரி.

டாக்டரம்மா தன் செல்போனில் என்னைப் படமெடுத்தார். பேனரில் இருந்த அதே பஞ்சரான ஆள். ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை இடவலமாகத் திருப்பினார். நாற்பத்தேழு வருஷமாக எனக்குத் தெரிந்த, நேரான, சுமாரான முகம் வந்தது.

"இதான் டாக்டர், இதான் நான்."

மல்லிகா எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஐய, இது யாரு? வாயெல்லாம் ஒரு பக்கமா இழுத்துகினு இருக்கு. முன்ன காட்டுனீங்களே, அதான் இவரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருக்கும் ஆளை எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருக்கும் ஆளை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. இந்தக் கோணல் முகத்தோடுதான் மல்லிகா இருபது வருஷம் குடித்தனம் நடத்தினாள், இந்தக் கோணல் முகத்தைத்தான் வளர்மதி தன் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் போட்டாள்.

தலையைச் சுற்றி மோவாய்க்கு ஒரு கட்டு போட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாளைக்கு வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, கொட்டாவி வந்தால் கையால் முட்டுக் கொடு என்று உத்தரவு. மல்லிகாதான் திரும்பவும் மலையேற்றினாள். மேலே போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி. ஒருவரும் கிளம்பியிருக்கவில்லை. பத்தர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். தமிழ்மதி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். பத்தர் இடது காதைப் பிடித்தார்.

"மாமா, ஆ காட்டு" என்றாள் குழந்தை.

காட்ட முடியவில்லை. அந்தக் காதுக்கு அவள் போட்ட கூச்சல் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். அழுத வாயோடு என் கட்டுப் போட்ட தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரன் எடுத்தான். நான் எந்தப் பக்கத்தையும் யாருக்கும் ஒளிக்கவில்லை.

கெடா விஷயத்தில் மாப்பிள்ளையால் தப்பிக்க முடியவில்லை. சாமி வரவில்லை என்று மல்லிகா சொன்னாலும், வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவர் அத்தை பிடிவாதமாக இருந்தாள். அடுத்த வருஷம் வெட்டினார்கள். வாக்கு என்னிடம் கொடுத்ததால் தொடைக்கறி எனக்கு என்று தீர்ப்பாயிற்று. (இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன். பல் கட்டியாகிவிட்டது.)

நான் வாயைத் திறந்ததும் தமிழ்மதி அழாமல் காது குத்திக்கொண்டதை அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது. சங்கராபுரத்திலும் திருக்கோவிலூரிலும் எங்கள் வகையறாவில் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தினாலும் தாய்மாமனுக்கு அடுத்து எனக்குத்தான் பத்திரிகை வருகிறது. போன மாதம் ஒரு தங்கச்சி முறைக்காரி தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கே வந்தாள். "அண்ணா, நீ மொய்யெல்லாம் வைக்க வேணாம். கொழந்தைக்கு எதிர்ல ஒக்காந்து வாயத் தொறந்தா போதும்."

போனோம். மல்லிகாதான் ஓட்டினாள். நான் இடது சீட்டில், கால் இரண்டையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு. என் பக்கத்துக் கண்ணாடியை அவள் எப்போதோ கழற்றி வைத்துவிட்டாள். ஊர் எல்லையில் அந்த வீட்டுக் காதுகுத்துப் பேனர் தெரிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"மூஞ்சி எப்படி இருக்கு?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அப்படியேதான் இருக்கு."

சரி என்று, வண்டி நின்றதும் இறங்கிப் போனேன்.